படிக்காமல் போட்ட கையெழுத்து

திருக்கோவிலூரிலே, தென்பெண்ணை ஆற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பர். பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டனர், பாரி வீழ்ந்தான். நேற்றுவரை அரசிளங்குமரிகள், மறுநாள் அடைக்கலம் தேடும் அநாதைகள்! பாரி மகளை மலையமான் குடியிலே ஒப்படைத்துவிட்டுக் கபிலர் இங்கே தீப்புகுந்தார் என்கிறது இவ்வூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு. குன்றும் போயிற்று, கொற்றமும் போயிற்று. ஆனால் அப்பெண்களின் சொந்தச் சொத்தான புலமை போகவில்லை. புறநானூற்றிலே 112-ஆம் பாட்டாக இன்றும் வாழ்கிறது.

சீமாட்டி ஒருத்தியின் வீழ்ச்சியை அமெரிக்கப் படமொன்றிலே கண்டபோது, இந்தப் பாறைதான் நம் நினைவுக்கு வந்தது. மூத்த இயக்குநர் வூடி ஆலன் தமது 77-ஆம் வயதில், 2013-இல் அளித்த 'புளூ ஜாஸ்மின்' அது. நாயகியாக நடித்த கேட் பிளான்செட்டுக்கு 2014-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

கதை என்ன? கல்லூரிப் படிப்பை முடிக்குமுன்பே செல்வனை மணந்தாள் ஜாஸ்மின். நியூயார்க்கிலே மாளிகை, விருந்து, வைரம்! கணவன் நடத்தியதோ மோசடி. அவள் தங்கைக்கும் தங்கை கணவனுக்கும் லாட்டரியில் விழுந்த பணத்தையும் அவன் விட்டுவைக்கவில்லை. பிடிபட்டான், சிறையிலே மாண்டான். கடையிலே வேலை செய்து பிழைக்கும் அந்தத் தங்கையின் வாசலிலேயே போய் நின்றாள் சீமாட்டி. முடிவில், தெருவோர இருக்கையில் அமர்ந்து தனக்குத்தானே பேசுகிறாள்.

அவள் குற்றமற்றவளா? அல்ல. கணவன் நீட்டிய தாள்களிலெல்லாம் படிக்காமலே கையெழுத்திட்டாள். கேள்வி கேட்டால் சுகம் கெடுமே என்று கேளாதிருந்தாள்.

நம் தாய்மார்களிடம் மாளிகையில்லை, வைரமில்லை. ஆனால் படிக்காமல் போடும் கையெழுத்து மட்டும் உண்டு! 'அண்ணன் கேட்கிறான், போட்டுவிடு' என்பார்கள். விடுதலைப் பத்திரத்திலே பெயர் விழுந்துவிடும். ஜாஸ்மின் சுகத்துக்காகப் போட்டாள். நம் சகோதரியோ, பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமே என்று அஞ்சிப் போடுகிறாள்.

பெண்ணுக்கும் சொத்திலே சமபங்கு வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. 1989-இல் தமிழகத்திலே சட்டமாயிற்று. 2005-இல் இந்திய அளவிலும் வந்தது. அறுபதாண்டு காத்துப் பெற்ற உரிமை ஒரு நொடிக் கையெழுத்திலே கரைவதா?

விட்டுக்கொடுப்பதானாலும் அறிந்து விட்டுக்கொடுங்கள், தாய்மார்களே! மகளுக்கு நகை சேர்க்குமுன் படிப்பை முடிக்க விடுங்கள். தந்தை தந்ததும் கணவன் தந்ததும் ஓரிரவிலே போகலாம். தானே தேடியதன்றோ தாங்கும்!