சதுரப் பெட்டியும் வட்டத் துளையும்

நிலவுக்குப் போகும் கலத்தைக் கட்டுகிறவர்கள் முதலில் எதை வரைவார்கள்? கலத்தின் படத்தையா? இல்லை! அது செய்ய வேண்டிய வேலைகளைத்தான் எழுதுவார்கள். நல்ல காற்று வேண்டும், கெட்ட காற்று நீங்க வேண்டும், மின்சாரம் வேண்டும். எந்த வேலை எதை நம்பி நடக்கிறது என்று கோடு போட்டு இணைப்பார்கள். இதற்குச் 'செயல் அமைப்பு' என்று பெயர். எந்தக் கருவி எந்த வேலையைச் செய்வது என்பதெல்லாம் பிறகுதான்.

காகித வேலைதானே என்று எண்ண வேண்டாம். 1970 ஏப்ரலில் மூன்று உயிர்கள் இதில் ஊசலாடின.

பூமியிலிருந்து சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில் அப்போலோ-13ன் பிராணவாயுத் தொட்டி வெடித்தது. தாய்க்கலத்தில் மின்சாரம் குறைந்துகொண்டே வந்தது. லவல், ஸ்வைகர்ட், ஹேஸ் மூவரும், நிலவில் இறங்குவதற்கென்று இருந்த சிறு கலத்துக்குள் புகுந்தார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் இருப்பதற்கான கலம் அது! மூச்சில் வெளியான கரியமிலவாயு ஏறிக்கொண்டே போயிற்று.

அதை உறிஞ்சும் ரசாயனப் பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுரம். சிறு கலத்தின் துளையோ வட்டம்! இரண்டையும் கட்டியவை வேறு வேறு கம்பெனிகள். மூவரை நான்கு நாள் காப்பாற்றுவது சிறு கலத்தின் வேலைப் பட்டியலில் இல்லையே!

தரையிலிருந்த பொறியாளர்கள் பிளாஸ்டிக் பை, அட்டை, குழாய், ஒட்டு நாடா ஆகியவற்றால் ஓர் இணைப்பைச் செய்து பார்த்தார்கள். பிறகு அதை ரேடியோவில் சொல்லிக் கொடுத்தார்கள். வீரர்களும் அப்படியே செய்தார்கள். கரியமிலவாயு இறங்கியது.

ஏப்ரல் 17-ந் தேதி மூவரும் பசிபிக் கடலில் உயிரோடு வந்து இறங்கினார்கள்.