முகவரியும் உரிமையும்: தோட்டப் பாடசாலைகளின் ஆள்களப் பெயர் குறித்துச் சில சிந்தனைகள்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், அப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎலைக்குப் பாதை பிரியும் இடமே பெரகல. இச்சந்தியைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், ஒரு தொழிலாளியின் பெயருக்கு வரும் கடிதம் நெடுங்காலமாக அவனது வாயிலை நேரே அடைந்ததில்லை. அது தபாற்கந்தோரிலிருந்து தோட்டக் காரியாலயத்திற்குச் செல்லும். அங்கிருந்தே லயத்திற்கு வரும். மலையகத்தின் பல இடங்களில் இன்றும் நிலைமை இதுவே. முகவரி என்பது வெறும் இடக்குறிப்பன்று. அது ஒரு சமூக உறவு என்பதை இவ்வொரு வழக்கமே புலப்படுத்தும்.

இத்தகைய சூழலிலுள்ள பாடசாலை ஒன்று இணையத்தில் தனக்கென ஒரு தளம் அமைக்க முற்படும்போது அதற்குப் புதியதொரு முகவரி தேவைப்படுகின்றது. பேச்சுவழக்கில் டொமெயின் என வழங்கும் ஆள்களப் பெயரே அது. அதனை ‘வாங்குதல்’ என்பதன் உண்மைப் பொருள் யாது, அப்பெயர் யாருடைய கையில் இருத்தல் வேண்டும் என்னும் இரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

இணையத்திலுள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களாலேயே இனங்காண்கின்றன. எண்களை மனிதர் நினைவிற் கொள்ளுதல் அரிது. ஆகவே, பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் ஒழுங்கமைப்பொன்றை 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். இது தபால் முகவரியைப் போன்று படிநிலை கொண்டது. ஆங்கில எழுத்திலமைந்த பெயரில் வலக்கோடியிலுள்ள பகுதி மிகப் பெரிய வட்டத்தைக் குறிக்கும். இடப்புறம் செல்லச் செல்ல வட்டம் சுருங்கும். ‘எல்கே’ என முடியும் பெயர் இலங்கைப் பதிவேட்டுக்கு உரியது. அதற்கு முன்னால் ‘எஸ்சிஎச்’ என்னும் பகுதி வருமாயின் அது பாடசாலைகளுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவு. அதற்கும் முன்னால் வருவதே குறித்த பாடசாலையின் பெயர்.

இனி, ‘வாங்குதல்’ என்னும் சொல்லை நோக்குவோம். ஒரு வட்டத்தின் முழுப் பதிவேட்டையும் வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று. பொதுமக்களிடம் கட்டணம் பெற்றுப் பதிந்து கொடுக்கும் முகவர் வேறொன்று. பதிவாளர் எனப் பெயர் குறிக்கப்படுபவர் மூன்றாமவர். இம்மூன்றாமவருக்குக் கிடைப்பது உடைமையன்று, தவணைக்கு உட்பட்ட பயன்பாட்டுரிமை மட்டுமே. ‘கொம்’, ‘ஓர்க்’ போன்ற பொது வட்டங்களில் ஒரு வேளையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கே பதிவு செய்யலாம். தவணை கடந்தும் கட்டணம் செலுத்தப்படாவிடின், குறித்த சலுகைக் காலத்தின் பின் பெயர் மீண்டும் சந்தைக்கு வரும். அதனை எவரும் எடுத்துக்கொள்ளலாம். எனவே இது கொள்வனவன்று, குத்தகையே. அன்றியும், பெயர் வேறு, தளத்தின் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இடம் வேறு. பின்னதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பெயர் நம்மிடம் இருக்குமாயின் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்; பெயரை இழந்தால், பக்கங்கள் எஞ்சியிருந்தும் பழைய வாசகர் அவற்றை வந்தடையார்.

இக்குத்தகை முறை இயற்கையாகத் தோன்றியதன்று. தொடக்கத்தில் ‘கொம்’ முதலிய பெயர்கள் கட்டணமின்றிப் பதியப்பட்டன. அச்செலவை ஐக்கிய அமெரிக்க அரசின் விஞ்ஞான நிதியம் ஏற்றிருந்தது. 1995 செப்டெம்பரில், பதிவை நடத்திய நெற்வேர்க் சொலூசன்ஸ் என்னும் தனியார் நிறுவனம் முதலிரு ஆண்டுகளுக்கு 100 டொலர் அறவிடத் தொடங்கிற்று. பொதுப்பணத்தால் உருவான ஒழுங்கமைப்பு வாடகை ஈட்டும் சொத்தாக மாறியது இவ்வாறே. 2019இல் ‘ஓர்க்’ பதிவேட்டை நிர்வகிக்கும் நிறுவனத்தை எதோஸ் கப்பிற்றல் என்னும் முதலீட்டு நிறுவனம் 113 கோடி டொலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்க முற்பட்டது. உலகெங்குமுள்ள இலாபநோக்கற்ற அமைப்புகள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. 2020 ஏப்பிரல் 30ஆந் திகதி, உலகளாவிய பெயரொழுங்கை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு இவ்விற்பனைக்கு இசைவு மறுத்தது. பெயரும் போராட்டத்திற்குரிய களமே என்பதற்கு இது சான்று.

இலங்கைக்குரிய ‘எல்கே’ 1990இல் ஒப்படைக்கப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிகான் டயஸ் இப்பதிவேட்டை உருவாக்கியதில் முதன்மையானவர். எனினும் பெயரொழுங்கில் நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளும் எண்களும் இணைகோடுமே இடம்பெற்றன. பிறமொழி எழுத்துகளை அவ்வெழுத்துகளாலான குறித்தொடராக மாற்றும் முறை 2003இல் நியமமாயிற்று. 2010இல் ‘.இலங்கை’ என்னும் தமிழ் வட்டமும் அதற்கிணையான சிங்கள வட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே பெரகலப் பகுதிப் பாடசாலை ஒன்று முழுவதும் தமிழெழுத்திலமைந்த முகவரியைப் பெறுதல் இன்று தொழில்நுட்ப ரீதியிற் சாத்தியமே.

இதனை வெறும் மொழிப்பற்றாகக் கொள்ளலாகாது. தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கும் பெயர் வேறொன்று என்பது மலையகம் அறிந்த செய்தி. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களை வாங்கிய பின்னர், இம்மலைகளின் கொழுந்து அவரது பெயரைத் தாங்கியே உலகச் சந்தைக்குச் சென்றது. கொய்த கைகளின் பெயர் எப்பொதியிலும் இடம்பெறவில்லை. எனினும் நடைமுறையை மறத்தலும் கூடாது: தமிழ் முகவரியை எல்லா மென்பொருளும், எல்லா மின்னஞ்சற் சேவையும் ஒரே வகையில் ஏற்பதில்லை. ஆதலால் தமிழ்ப் பெயரொன்றும் ஆங்கில எழுத்துப் பெயரொன்றும் பதிந்து, இரண்டும் ஒரே தளத்தை அடையச் செய்தலே தக்கது.

அடுத்து, பெயர் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினா. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடமே ஒப்படைத்தது. தொழிலாளரை வேலைக்கு ஏவியவனே அவர்தம் பிள்ளைகளின் பாடசாலைக்கும் பொறுப்பாளனானான். 1970களிலேயே அரசு தோட்டப் பாடசாலைகளைக் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது. தோட்டத்தின் உடைமை பொதுக்கல்வியின் பகுதியாக மாறுவதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

இன்று அதே சார்புநிலை புதிய வடிவில் மீளக்கூடும். பழைய மாணவரோ, வெளிநாட்டு நலன்விரும்பியோ, நகரத்துக் கணினிக் கடைக்காரரோ நல்லெண்ணத்தோடு தமது பெயரில், தமது மின்னஞ்சலில், தமது கடனட்டையில் ஆள்களப் பெயரைப் பதிந்து கொடுப்பர். சில ஆண்டுகளில் அவர் தொடர்பு அறும், நினைவூட்டற் கடிதம் அவருக்கே போகும், பெயர் காலாவதியாகும். பாடசாலை பழைய நிலைக்கே திரும்பும்: அதன் கடிதம் பிறர் வாயிலுக்கே செல்கின்றது. டொலரிற் கட்டணம் பெறும் முகவரிடம் பதிவதும் இடர் நிறைந்தது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்துவிடவில்லை.

ஆதலாற் சில விதிகளை வலியுறுத்துகின்றோம். பதிவாளராகப் பாடசாலையின் பெயரே குறிக்கப்படல் வேண்டும். தொடர்பு மின்னஞ்சல் தனியாளுக்கன்றி அதிபர் பதவிக்கு உரியதாக இருத்தல் வேண்டும். அதுவும் அந்த ஆள்களப் பெயரிலேயே தங்கியிராத வேறொரு முகவரியாக அமைதல் வேண்டும், ஏனெனிற் பெயர் காலாவதியானால் அதனோடு மின்னஞ்சலும் நின்றுவிடும். காலாவதித் திகதி சம்பவத்திரட்டுப் புத்தகத்திற் பதியப்படல் வேண்டும்; கடவுச்சொல் முத்திரையிட்ட உறையிற் காக்கப்பட்டு, அதிபர் மாறும்போது கையளிக்கப்படல் வேண்டும். புதுப்பித்தற் கட்டணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கில் நிலையானதொரு செலவாக இடம்பெறுதல் வேண்டும். உதவுவோர் பணம் தரலாம், பெயரை வைத்திருத்தலாகாது.

விஞ்ஞானத்திற்கும் கணிதத்திற்கும் ஆசிரியர் போதாத பாடசாலைக்கு இணைய முகவரி எதற்கு என முற்போக்காளர் வினவலாம். வினா நியாயமானதே. ஆள்களப் பெயர் ஆசிரியரைக் கொண்டுவந்து தராது, கூரையைச் செப்பனிடாது. அத்தகைய மயக்கம் எமக்கில்லை. ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மலைச்சரிவு லயங்களை மண்ணுக்குள் ஆழ்த்தியபோது, அங்கு எத்தனை பேர் வாழ்ந்தனர், எத்தனை பேர் மறைந்தனர் என்பதற்கு முதல் நாட்களில் வெவ்வேறு எண்ணிக்கைகளே வெளிவந்தன. தன்னைப் பற்றிய பதிவைத் தானே வைத்திருத்தல் ஒரு சமூகத்திற்கு ஆடம்பரமன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டியதில்லை.

நிலத்தில் உறுதியற்று, 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அதன் முழுமையான மீட்சிக்குக் காத்திருந்த மக்களின் வரலாற்றில் ஆள்களப் பெயர் மிகச் சிறியதொரு விடயமே. எனினும் அதன் பதிவுப் படிவத்தில், பெயருக்குரியவர் யார் என்னும் இடம் ஒன்றுண்டு. அவ்விடத்தில் வேறெவரது பெயருமன்றிப் பாடசாலையின் பெயரே எழுதப்படல் வேண்டும்.