வாகனக் காப்புறுதி: கையொப்பமிடுமுன் அறிய வேண்டியவை

ரொறன்ரோ போன்ற பெருநகரில் வாழும் எமக்கு வாகனம் ஆடம்பரப் பொருளன்று. வைகறையில் தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தைக்கும், இரவு வேலை முடிந்து திரும்பும் தாய்க்கும், வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கும் அது இன்றியமையாதது. அதற்காக நாம் செலுத்தும் காப்புறுதிக் கட்டணமோ குடும்ப வருமானத்தில் கணிசமான பங்கை விழுங்குகின்றது. எனினும், அப்பணத்துக்கு ஈடாக எமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு யாது என்று வினவினால், தெளிவாக விடை கூறக்கூடியோர் எம்மிடையே சிலரே.

காப்புறுதியின் அடிப்படை எளிய கணக்கே. நூறு பேரிடம் நூறு வாகனங்கள் உள்ளன. ஓராண்டில் அவற்றுள் ஐந்து விபத்துக்குள்ளாகி, ஒவ்வொன்றாலும் 10,000 டொலர் இழப்பு ஏற்படுகின்றது எனக் கொள்வோம். மொத்த இழப்பு 50,000 டொலர். நூறு பேரும் ஆளுக்கு 500 டொலரை முன்கூட்டியே இட்டு வைத்தால் எவரும் தனித்து நொடிந்து போக வேண்டியதில்லை. விபத்தும் களவும் திருத்தச் செலவும் பெருகினால் ஒவ்வொருவர் பங்கும் பெருகும். ஒரே சாரதி, ஒரே வாகனம் ஆயினும், ஸ்காபரோவில் ஒரு கட்டணமும் தொலைதூரச் சிற்றூரில் வேறொரு கட்டணமும் கேட்கப்படுவது இதனாலேயே. சாரதியின் அனுபவம், முன்னைய விபத்துகள், போக்குவரத்துக் குற்றங்கள், வாகனத்தின் வகை என்பனவும் கணக்கில் எடுக்கப்படும்.

காப்புறுதிப் பத்திரத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது, எமது தவறினால் பிறருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்பு. ஒன்ராறியோவில் சட்டம் கோரும் ஆகக்குறைந்த தொகை 200,000 டொலர். ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்க இயலாதவாறு காயமுற்றால் இத்தொகை போதாது. எஞ்சியதை நாமே செலுத்த நேரிடும். வீடும் சேமிப்பும் பறிபோகக் கூடும். எனவே பத்து இலட்சம் அல்லது இருபது இலட்சம் டொலர் காப்பைப் பெறுவதே விவேகம். காப்பு ஐந்து மடங்காவதால் கட்டணம் ஐந்து மடங்காவதில்லை.

இரண்டாவது, தவறு எவருடையதாயினும், காயமுற்ற எமக்குக் கிடைக்கும் உதவி. மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சிறு காயமாயின் 3,500 டொலர் வரையும், அதனிலும் கடுமையானதாயின் 65,000 டொலர் வரையும், பேரிழப்பான காயமாயின் பத்து இலட்சம் டொலர் வரையும் வழங்கப்படும். வேலைக்குச் செல்ல இயலாதவருக்கான கொடுப்பனவு, மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 70 வீதமாகும். வழமையான உச்ச எல்லை வாரத்துக்கு 400 டொலர். வருமான வரிக்குக் காட்டப்படாத உழைப்பு இங்கு கணக்கில் வராது. இக்கொடுப்பனவு நெடுங்காலம் கட்டாயப் பகுதியாகவே இருந்தது. 2026 யூலை 1 முதல் நடைமுறையாகும் திருத்தத்தின்படி, மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகியன மட்டுமே கட்டாயம். வருமான இழப்புக் கொடுப்பனவும் மரண உதவியும் நாம் விரும்பித் தெரிவு செய்பவை. கட்டணம் குறைகின்றதே என்று இதனை நீக்கிக் கையொப்பமிடும் ஒருவர், கைகால் முறிந்து வீட்டில் இருக்கும்போதுதான் அதன் பெறுமதியை உணர்வார். வேலைத்தலத்தில் வேறு காப்புறுதி இல்லாதவர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, எமது வாகனத்துக்கான காப்பு. எமது தவறினால் நேரும் மோதலுக்கும், களவு, தீ போன்றவற்றுக்கும் பெறும் காப்புகளைச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. எனினும் கடனிலோ குத்தகையிலோ வாகனம் பெற்றவரிடம் கடன் கொடுத்தோர் அவற்றைக் கோருவர். வாகனம் மிகப் பழையதாகி அதன் விலை சில ஆயிரம் டொலராகக் குறைந்துவிட்டால், மோதற் காப்பை நீக்குவது பற்றிச் சிந்திக்கலாம்.

ஆகவே சிக்கனம் வேண்டுமாயின் இம்மூன்றாம் பகுதியிலேயே தேட வேண்டும். திருத்தச் செலவில் நாம் ஏற்கும் முதற்றொகையை உயர்த்தினால் கட்டணம் குறையும். ஆனால் அத்தொகை எப்போதும் கையிருப்பில் இருத்தல் வேண்டும். குளிர்கால ரயர் பூட்டுவோருக்குக் கழிவு வழங்குமாறு 2016 முதல் ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் பணிக்கப்பட்டுள்ளன. புதிய சாரதிகள் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாலும் கழிவு பெறலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் கட்டணம் வேறுபடுவதால், புதுப்பிக்குமுன் மூன்று நான்கு இடங்களில் விசாரித்தல் நன்று.

குறுக்கு வழிகள் ஆபத்தானவை. சிற்றூரில் வாழும் உறவினரின் முகவரியைக் கொடுத்தலும், வாகனத்தை நாள்தோறும் ஓட்டும் மகனின் பெயரை மறைத்தலும் இழப்பீட்டு உரிமையையே இழக்கச் செய்யலாம். காப்புறுதியின்றி வாகனம் ஓட்டுவோருக்கு முதற் குற்றத்துக்கே 5,000 முதல் 25,000 டொலர் வரை தண்டம் விதிக்கப்படும்.

மாணவர்களே! உங்கள் வீட்டுக்கு வரும் காப்புறுதிப் பத்திரம் ஆங்கிலத்தில் உள்ளது. அடுத்த முறை அது வரும்போது பெற்றோருடன் அமர்ந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். பொருள் விளங்காத இடத்தைக் கோடிட்டு முகவரிடம் கேளுங்கள். பெற்றோர்களே! பிள்ளை வாசித்து முடிக்கும்வரை பேனாவைக் கையில் எடுக்காதீர்கள்.