அரசமைப்பைத் திருத்துவது எளிதா?

மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழி. லிட்டில் இந்தியாவில் அன்றாடம் ஒலிக்கும் தமிழுக்கு அந்தத் தகுதியைத் தருவது அரசமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு.

அப்பிரிவை மாற்ற முடியுமா? முடியும். ஆனால், சாதாரணச் சட்டத்தைப் போல் பெரும்பான்மை வாக்கு மட்டும் போதாது. இரண்டாம், மூன்றாம் வாசிப்புகளில், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். 2025 பொதுத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 97 பேர். எனவே, குறைந்தது 65 பேரின் ஆதரவு தேவை.

இந்த விதியும் மாறி வந்ததுதான். 1965ல் சுதந்திரம் பெற்றபின் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றானது. 1979ல் மூன்றில் இரண்டு பங்கு என்ற விதி மீண்டும் வந்தது. நாட்டின் இறையாண்மையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் இன்னும் கடினம். பொது வாக்கெடுப்பில் பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. இது 1972ல் சேர்க்கப்பட்டது.

அமெரிக்காவில் ஒரு திருத்தம் நிறைவேற 50 மாநிலங்களில் 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். அங்கு இதுவரை 27 திருத்தங்களே நடப்புக்கு வந்துள்ளன. இந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்கள் நிறைவேறியுள்ளன. இருப்பினும், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் சிதைக்க முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973ல் தீர்ப்பளித்தது.

ஆட்சிக்கு வருவோர் நினைத்தவுடன் அடிப்படை விதிகளை மாற்றிவிடக்கூடாது, சிறுபான்மையினரின் உரிமை அன்றைய பெரும்பான்மையைச் சார்ந்திருக்கக்கூடாது என்பதே இத்தடைகளின் நோக்கம்.

ஆனால், எண்ணிக்கை மட்டும் முழுப் பாதுகாப்பன்று. 97 இடங்களில் 87 மக்கள் செயல் கட்சியிடம் உள்ளன. ஆகவே, திருத்த மசோதா ஒன்று தாக்கல் செய்யப்படும்போது அதை வாசித்து, தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேள்வி கேட்கும் குடிமக்களும் அந்தப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.