அம்மாவும் தொட்டியில்லா வெந்நீரும்

நியூ ஜெர்சியில் ஒரு ஜனவரி விடியற்காலை. அடுப்பங்கரையில் விளக்கு எரிகிறதே என்று எட்டிப் பார்த்தால், சென்னையிலிருந்து வந்திருந்த அம்மா பெரிய பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"குளிக்கத்தான். உங்க வீட்டுக் குழாயில பச்சத்தண்ணிதானே வருது. நீ ஆபீஸ் வேலையில இருக்கே, எதுக்குத் தொந்தரவுன்னு சொல்லல."

அம்மா வந்து பத்து நாளாகியிருந்தது. மூட்டுவலிக்காரர். முதல் நாலு நாள் அந்தத் தண்ணீரிலேயே குளித்திருக்கிறார். எனக்கோ தினமும் ஷவரில் ஆவி பறக்க வருகிறது. "எனக்குச் சரியாத்தானேம்மா வருது" என்றேன். மென்பொருள் எழுதுகிறவன் வாயில் முதலில் வரும் வாக்கியம் அதுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது தொட்டியில்லாத கேஸ் ஹீட்டர். பாட்டி வீட்டுத் தாமிர பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு சொம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் கீழே ஒரு சொம்பு வெந்நீர் வரும். காரணம், உள்ளே ஏற்கெனவே சூடான நீர் சேர்ந்து கிடக்கிறது. தொட்டியில்லா ஹீட்டரில் அந்தச் சேமிப்பு கிடையாது. குழாயைத் திறந்ததும் நீரோட்டம் உள்ளே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும். அது போதிய வேகத்தில் சுழன்றால்தான் எரிவாயு திறந்து பர்னர் பற்றும். ஓடுகிறபோதே நீர் சூடாகிவிட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஓடும் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தச் சுமார் 70 வாட் வேண்டும். எங்கள் ஹீட்டர் மணிக்கு 150,000 பி.டி.யூ., அதாவது 44 கிலோவாட் அளவுக்கு எரிவாயுவை எரிக்கும். அதில் சுமார் 36 கிலோவாட் நீரில் சேரும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் நீரை 46 டிகிரிக்கு ஏற்ற, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் முடியாது. அமெரிக்காவில் ஒரு ஷவருக்குச் சட்டம் அனுமதிப்பது நிமிடத்துக்குச் சுமார் 9.5 லிட்டர். அதனால்தான் இரண்டு குளியலறைகள் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டிலும் வெதுவெதுப்பு மட்டும் மிஞ்சுகிறது. இது கோளாறு அல்ல, ஹீட்டரின் எல்லை.

அம்மாவின் சிக்கல் இதற்கு நேர் எதிர். எங்கள் ஹீட்டர் எரிய நிமிடத்துக்கு 2 லிட்டராவது ஓட வேண்டும். அம்மா வாளியை வைத்து, வழக்கம்போல் குழாயை நூல் மாதிரி திறந்துவிடுவார். ஒரு லிட்டர் குவளை நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். 40 விநாடி. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். பர்னர் பற்றவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்கும் முன்பே நான் செய்த அவசர வேலை, வெப்பநிலையை 49-லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றி, "கொஞ்சம் அதிகமாத் திறங்கம்மா" என்று சொன்னது. மறுநாள் நிலைமை இன்னும் மோசம். முதலில் கையைச் சுட்டது. குளிர்ந்த பக்கம் திருப்பியதும் மொத்தமும் பச்சைத்தண்ணீர். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். வயதானவர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் செய்திருக்கவே கூடாத காரியம்.

ஏன் அப்படி ஆயிற்று? அம்மா திறந்தது 3 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குளிக்க வேண்டியது 40 டிகிரி. ஹீட்டர் 60-ல் இருந்தால், 5 டிகிரி நீரோடு கலக்கையில் வெந்நீர்ப் பங்கு 1.9 லிட்டர்தான். இரண்டுக்குக் கீழே போனதும் பர்னர் அணைந்துவிடும். அதே ஹீட்டரை 46-ல் வைத்தால் வெந்நீர்ப் பங்கு 2.6 லிட்டர், அணையாது. பச்சைத்தண்ணீர் வருகிறதென்றால் சூட்டைக் குறைக்க வேண்டும்! எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. குறைத்துப் பார்த்தேன், நின்று எரிந்தது.

கோடையில் இதன் இன்னொரு முகம் தெரியும். உள்ளே வரும் நீரே 25 டிகிரி. பர்னரை எவ்வளவு தணித்தாலும் அதற்கு ஒரு கீழெல்லை உண்டு. நீர் குறைவாக ஓடினால் அந்தக் குறைந்த தீயே அதிகமாகி, அணைந்து அணைந்து எரியும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்.

எல்லாக் குழாயிலும் சூடு குறைந்தால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, குளிர்நீர் நுழையும் இடத்திலுள்ள வடிகட்டி வலை. தண்ணீரை அடைத்துவிட்டுக் கழற்றினேன், மணலும் துருவும். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும். இரண்டாவது, உப்புப் படிவு. கடின நீரில் உள்ள கால்சியம் கார்பனேட் சூடாக ஆகப் படியும் குணமுள்ளது. ஆகவே வெப்பம் மாறும் குழாய்ச் சுருளிலேயே ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தையும் எரிவாயுவையும் நிறுத்திவிட்டு, சின்ன பம்பு வைத்து வினிகரை ஒரு மணிநேரம் சுற்றவிட்டுக் கழுவலாம். இதற்கென்று இரண்டு வால்வுகள் பொருத்தியிருந்தால்தான் முடியும். ஆனால் எரிவாயுக் குழாய், பர்னர், புகைபோக்கி ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அங்கே தவறினால் விளைவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் அதற்கான எச்சரிக்கைக் கருவியும் இருக்கட்டும்.

கடைசியாக மிஞ்சியது அம்மாவின் கை. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர். "தண்ணிய இப்படித் தொறந்துவிட மனசு வரலடா" என்றார். ஹீட்டரிலிருந்து வெந்நீர் வந்து சேரும்வரை குழாயில் கிடக்கும் குளிர்ந்த நீர் வீணாகிறதே என்பது அவர் வருத்தம். நியாயம்தான். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குச் சுமார் 300 மில்லி. 15 மீட்டருக்கு நாலரை லிட்டர். அதைப் பிடிக்க இன்னொரு வாளி வைத்தோம். அது ஜன்னலோரக் கருவேப்பிலைச் செடிக்கும், துணி அலசவும் போகிறது.

நேற்றுக் காலை அடுப்பங்கரையில் விளக்கு எரியவில்லை. குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கொஞ்சம் பலமாகவே.