வாகனமும் வாக்குறுதியும்

புதிதாக மோட்டார் வண்டி வாங்குவோர் அதனை முதலிற் கோயில் வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துவதும், குருக்கள் தீபங்காட்டிச் சந்தனப் பொட்டிட்டபின் நான்கு சில்லுகளின் கீழும் நான்கு தேசிக்காய்களை வைத்து, வண்டியை மெல்ல உருட்டி அவற்றை நசுக்குவதும் நம்மவர் வழக்கம். அமெரிக்க நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு சொல்வழக்கு உண்டு. பன்முறை பழுதுபார்த்தும் திருந்தாத புதுக் காரையே அங்கு ‘எலுமிச்சை’ என்று சொல்லுகிறார்கள். நமக்குக் கண்ணூறு கழிக்கும் காயின் இனத்தது, அவர்களுக்கு ஏமாற்றத்தின் பெயராயிற்று.

2015ஆம் ஆண்டில் என் பெறாமகன் ஒருவர் சிறிய புதுக் கார் ஒன்றை வாங்கியபோது தேசிக்காய்களை என் கையாலேயே வைத்தேன். நான்கும் செவ்வையாக நசுங்கின. இரண்டு ஆண்டு செல்லுமுன் அவ்வண்டியின் எஞ்சினில் ஒரு குறை தோன்றிற்று. உத்தரவாதப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் ஏறியிறங்கிய படிகள் பல. அந்த வழக்கில் எஞ்சினிலும் பார்க்க எழுத்தே பெரும்பங்கு கொண்டது. எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களும் இவ்விடயத்தில் அசட்டையாய் இருப்பதைக் காண்கிறேன். ஆதலின் அதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

பெறாமகன் கிளிநொச்சிப் பகுதிப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவர்; யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் போய்வருபவர். போகவர நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். காரோ லீசிங்கில் எடுத்தது. மாதச் சம்பளத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். கொம்பனி கொடுத்த உத்தரவாதம் மூன்று ஆண்டு, அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர். இரண்டில் எது முந்துகின்றதோ அது.

2017ஆம் ஆண்டில் ஒரு மாலை, ஆனையிறவு வெளியில் வந்துகொண்டிருந்தபோது அவருடைய காரின் முகப்பிற் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. உடனே நிறுத்தி, மூடியைத் திறந்து, ஒயில் அளவு பார்க்குங் கம்பியை இழுத்துப் பார்த்தார். கம்பியின் நுனியிற்கூட ஈரம் இல்லை. அந்த விளக்கு ஒயிலின் அளவைக் காட்டுவதன்று. ஒயிலின் அழுத்தம் வீழ்ந்துவிட்டதைக் காட்டுவது. அது எரியும் வேளையில் உள்ளே உலோகத்தோடு உலோகம் உராயத் தொடங்கியிருத்தலுங் கூடும். வழியிற் போன லொறிக்காரர் ஒருவர் ஒயில் கொடுத்துதவியமையால் அன்று வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் கொம்பனியின் கிளைக் கராஜுக்குப் போனார். “எல்லாக் காரும் கொஞ்சம் ஒயில் குடிக்கும், சேர். இது நோர்மல்” என்று சொல்லி ஒயிலை ஊற்றி, அதற்குக் காசும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். பின்னும் இருமுறை போனார். பின்னும் இருமுறை அதே விடை. மூன்றாம் முறைக்குப் பிறகே என்னிடம் வந்தார்.

“ஒயில் குறையுது எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டன், பெரியப்பா. ஒரு தாளிலையும் அது இல்லை.”

அவர் நீட்டிய வேலைச்சீட்டுகள் மூன்றையும் பார்த்தேன். முதலாவதில் ‘ஒயில் ஊற்றப்பட்டது’ என்றிருந்தது. இரண்டாவதில் ‘பொதுச் சோதனை’. மூன்றாவதில் ‘ஒயில் ஊற்றப்பட்டது, வண்டி கழுவப்பட்டது’. வண்டிக்காரர் வந்து முறையிட்ட குறை யாது என்பதற்கென அச்சீட்டிலே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றிலும் அது வெறுமையாய்க் கிடந்தது. மூன்றிலும் பெறாமகனுடைய கையொப்பம் அழகாக இருந்தது. உத்தரவாத காலம் முடிந்தபின் இக்குறை பெருத்தெழுமாயின், காலத்தினுள் அது தோன்றியது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. வாயாற் சொன்னவற்றைக் கராஜ் மறந்துவிடும், மறவாதாயினும் மறுத்துவிடும்.

எஞ்சின் எவ்வாறு ஒயிலைக் குடிக்கின்றது என்பதைப் பெறாமகனே எனக்கு விளக்கினார். சிலிண்டருக்குள் மேலும் கீழுமாய் ஓடும் பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று வளையங்கள் உள. மேலிரண்டும் வாயுவின் அழுத்தத்தைக் கசியாது காப்பன. அடிவளையம் சிலிண்டர்ச் சுவரிற் படிந்த ஒயிலை வழித்துக் கீழே இறக்குவது. அவ்வளையம் இறுகிப் போனாலோ, வழித்த ஒயில் வடிந்தோடுஞ் சிறுதுளைகள் கரிபிடித்து அடைபட்டாலோ, ஒயில் மேலேறி எரிபொருளோடு சேர்ந்து எரிந்துபோகும். எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு வளையங்களின் இறுக்கத்தைக் குறைத்துச் செய்த சில எஞ்சின்களில் இந்நோய் மிகுதி. இஃது ஒரு கொம்பனிக்கு மட்டும் வந்த இழிவன்று. பெறாமகனுடைய கார் டொயோட்டா அன்று. ஆயினும் டொயோட்டாவே 2007 முதல் 2009 வரையிலான சில மாதிரிகளில் இக்குறையை ஏற்று, அமெரிக்காவில் உத்தரவாதத்தை நீட்ட வேண்டியதாயிற்று. 1,200 மைல் ஓட்டத்தில் ஒரு குவாட், அதாவது ஏறக்குறைய ஒரு லீற்றர், ஒயிலுக்கு மேற் குறைந்தால் அது பழுது என்று அங்கு அளவும் வகுத்தார்கள். ‘நோர்மல்’ என்ற சொல்லுக்கு ஓர் எண் உண்டு என்பதை அதனாலேயே அறிந்தேன்.

பிறகு உத்தரவாதப் புத்தகத்தை எடுத்து, நூலுக்கு உரைகாண்பவன் போல ஒருநாள் முழுதும் படித்தேன். உத்தரம் என்பது விடை. உத்தரவாதி, கேட்டால் விடைசொல்லக் கடமைப்பட்டவன். ஆங்கிலத்தில் வாரண்டி, கறண்டி என்று இரண்டாக வழங்குவனவும் ஒரே ஜெர்மானிய வேரிற் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியின் இரு வட்டார வழக்குகளினூடாக வந்த சொற்களே. காத்தல், பொறுப்பேற்றல் என்பது அவற்றின் அடிப்பொருள். ஆனால் இக்காலத்து உத்தரவாதப் புத்தகத்தைப் படிப்பவனுக்கு, அதன் பாதிப் பக்கம் எவற்றுக்கெல்லாம் விடைசொல்லமாட்டோம் என்பதற்கே செலவானமை புலனாகும்.

அது புதிய தந்திரமன்று. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் 1955ஆம் ஆண்டு மே மாதம் ஹென்னிங்சன் என்பவர் தம் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு பிளிமத் கார் வாங்கினார். பத்து நாளில், 468 மைல் மாத்திரமே ஓடிய நிலையில், அவ்வம்மையார் ஓட்டிச் செல்லும்போது முன்புறத்தில் ஏதோ வெடித்தாற்போன்ற ஓசை கேட்டது. சுக்கான் கையிலே சுழன்றது. கார் மதிற்சுவரில் மோதிச் சிதைந்தது. விற்றவரும் செய்த கிறைஸ்லர் நிறுவனமும் ஒப்பந்தத்தின் பின்புறத்துச் சிற்றெழுத்தைக் காட்டினார்கள். 90 நாள் அல்லது 4,000 மைலுக்குள் பழுதான பாகத்தை மாற்றித் தருவோம். அதன்மேல் எவ்விதப் பொறுப்பும் எமக்கில்லை என்பதே அதன் சாரம். அந்த வாசகம் ஒரு கொம்பனியினதன்று. உற்பத்தியாளர் சங்கம் முழுவதற்கும் பொதுவாய் வகுக்கப்பட்டது. 1958இல் அந்நாட்டுக் கார்களில் நூற்றுக்கு 93.5 பங்கைச் செய்தவை மூன்றே நிறுவனங்கள். இக்கடையில் வேண்டாமென்று அக்கடைக்குப் போனாலும் அதே தாளையே நீட்டுவார்கள். 1960ஆம் ஆண்டு மே 9ஆந் திகதி மாநில உயர்நீதிமன்றம், வாங்குவோனுக்குத் தெரிவுக்கே இடமில்லாத அத்தகைய மறுப்பு வாசகம் செல்லாது என்று தீர்த்தது. ஒப்பமிட்டவன் கட்டுப்பட்டவன் என்ற பழைய விதிக்கு அன்று ஒரு வரம்பு விழுந்தது.

அதன்பின் 1975இல் அமெரிக்க மத்திய அரசு உத்தரவாதங்களுக்கெனவே ஒரு சட்டம் செய்தது. 1982இல் கனெற்றிக்கற் மாநிலம் முதலாவது ‘எலுமிச்சைச் சட்டத்தை’ இயற்றிற்று. ஒரே குறையை நான்கு முறை பழுதுபார்த்தும் தீராவிடின், அல்லது வண்டி மொத்தம் முப்பது நாள் கராஜில் கிடந்தால், வேறு வண்டியோ விலையோ கேட்க வழி பிறந்தது. இங்கும் எண்ணே பேசுகின்றது. நான்கு முறை போனதை எண்ணுவதற்கு நான்கு சீட்டுகள் வேண்டுமே.

இலங்கையில் நமக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையும் உண்டு. கொடுத்த உத்தரவாதத்துக்கு இசையாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, விலையைத் திருப்பவோ அது கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். அதற்குக் கால எல்லையும் உண்டு. பெறாமகனைப்போல மூன்று முறை போய் ‘பார்க்கலாம்’ என்றிருந்தால் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். நான்காம் முறை நானும் போனேன். வேலைச்சீட்டில் முறைப்பாட்டுக்குரிய இடத்தில் ‘இத்தனை கிலோமீற்றரில் இவ்வளவு ஒயில் குறைகின்றது, முன்னரும் மூன்று முறை அறிவிக்கப்பட்டது’ என்று எழுதினாலன்றி ஒப்பமிடோம் என்றோம். எழுதுவதற்கு அவர்கள் பட்ட தயக்கத்தைக் கண்டபோதுதான் அந்த வெற்றிடத்தின் பெறுமதி எனக்கு முழுதாய் விளங்கிற்று.

கிளை மனேஜர் புத்தகத்தைத் திறந்து வேறொரு கணை தொடுத்தார். இரண்டாம் ஆண்டில் ஒருமுறை பெறாமகன் ஊர்க் கராஜ் ஒன்றில் ஒயில் மாற்றியிருந்தார். அதனால் உத்தரவாதம் அற்றுப்போயிற்று என்றார். அவர் காட்டிய வாசகத்தைத் தமிழாக்கினால், ‘முறையற்ற பராமரிப்பால் உண்டான பழுதுக்குப் பொறுப்பில்லை’ என்றாகும். பிற இடத்தில் ஒயில் மாற்றினால் உத்தரவாதமே இல்லை என்று அதிற் கூறவில்லை. மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’ அங்கே நிற்கின்றது. அப்பராமரிப்பால் இப்பழுது உண்டாயிற்று என்று காட்டவேண்டியவர் அவ்வாறு சொல்பவரே. ஊர்க் கராஜில் ஊற்றிய ஒயிலின் வகையும் அளவும் எழுதிய பற்றுச்சீட்டைப் பெறாமகன் வைத்திருந்தார். அது புத்தகத்திற் சொன்ன வகையே.

மனேஜர் சிரித்தார். “ஐயா, நீங்கள் தமிழ் படிப்பிக்கிறனீங்கள். இது எஞ்சின்.”

“எஞ்சினைப் பற்றி நான் ஒண்டும் பேசேல்லைத் தம்பி. உங்கடை புத்தகத்தைப் பற்றித்தான் பேசுறன்.”

அவரை நான் குறைகூறேன். உத்தரவாத வேலைக்குரிய செலவைக் கிளை முதலிற் செய்துவிட்டு மேலிடத்தில் அறவிட வேண்டும். மேலிடம் ஏற்காவிடின் நட்டம் கிளையின் தலையில் விழும். ஆதலால் வாசலில் நிற்பவனை மறித்துத் திருப்புவதே அவருக்குப் பழகிய தற்காப்பு. இதனை அறிந்தபின் நாங்கள் அவரோடு வாதாடுவதை நிறுத்தி, அவர் மேலிடத்துக்கு அனுப்பக்கூடிய தாள்களை உண்டாக்குவதில் முயன்றோம்.

ஒயில்-குறைவுச் சோதனை செய்யும்படி எழுத்திற் கேட்டோம். ஒயிலை மேற்கோடு வரை ஊற்றி, ஊற்றும் மூடிக்கும் அடித்திருகுக்கும் அடையாளமிட்டு, ஓடிய தூரத்தைக் குறித்து அனுப்பினார்கள். ஆயிரம் கிலோமீற்றர் ஓடித் திரும்பியபோது எண்ணூறு மில்லிலீற்றர் குறைந்திருந்தது. “ஒரு லீற்றர் வரைக்கும் நோர்மல்” என்றார்கள். அந்த வரம்பு புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டோம்; இல்லை. அதனை எழுதித் தாருங்கள் என்றோம், தரவில்லை. நான்கு சீட்டுகளின் பிரதியையும், சோதனை அளவையும், ஊர்க் கராஜின் பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினோம். அதில் வசையில்லை, இரப்பும் இல்லை, திகதிகளும் எண்களுமே. பதினான்கு நாளுள் விடை வராவிடின் அதிகாரசபைக்கு எழுதுவோம் என்பது கடைசி வரி.

பன்னிரண்டாம் நாள் விடை வந்தது. ‘நல்லெண்ண அடிப்படையில்’ பிஸ்டன்களையும் வளையங்களையும் இலவசமாக மாற்றித் தருவதாக எழுதியிருந்தார்கள். அச்சொற்றொடர் எனக்கு உவப்பாயில்லை. கடனைக் கொடையாக்கிக் கொடுப்பதற்கு நல்லெண்ணம் என்று பெயரா? மறுத்தெழுதப் பேனாவை எடுத்தேன்.

“சொல்லை விடுங்கோ பெரியப்பா. எஞ்சினைச் செய்யட்டும்” என்றார் பெறாமகன். லீசிங் கட்டுபவர் அவர், நான் அல்லன். பேனாவை வைத்துவிட்டேன். ஆயினும் கராஜில் காரை ஒப்படைத்த அன்று, வேலைச்சீட்டில் ‘உத்தரவாத காலத்தினுள் அறிவிக்கப்பட்ட குறை’ என்று ஒரு வரி எழுதுவித்த பின்னரே ஒப்பமிட விட்டேன்.

பதினொரு நாள் அவர் பஸ்ஸிற் போய்வந்தார். புதிதாக ஊற்றிய ஒயிலுக்கும் சில்லறைப் பொருள்களுக்கும் பில் ஒன்று தந்தார்கள், மறுபேச்சின்றிக் கட்டினோம். 2018இல் உத்தரவாதம் முடியுமுன் இன்னொரு முறை அளந்து பார்த்தோம். ஆயிரம் கிலோமீற்றரிற் குறைந்தது கம்பியிற் கண்டறிய முடியாத அளவு. அந்த எண்ணையும் ஒரு சீட்டில் எழுதுவித்துக்கொண்டோம். கார் இன்றும் ஓடுகின்றது. சீட்டுகள் அத்தனையும் ஓர் உறையில், என்னுடைய நன்னூற் பிரதிக்கு அருகே, அலுமாரியில் இருக்கின்றன.