முற்றத்துப் புல்லும் ஈய மணலும்

பத்து காஜாவில் பழைய ஈய நிலத்தில் வீடு கட்டியோர், பதித்த புற்கரணை பழுப்பேறினால் புல்லையே நோவர். குற்றம் பெரும்பாலும் அடிமண்ணினது. 1985இல் ஈயவிலை சரிந்து சுரங்கங்கள் பல மூடின. அவை அலசிக் கழித்த மணலோ கிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கின்றது. அது நீரையும் உரத்தையும் நிறுத்தாது. இங்குப் பரவலாக நடும் அகன்ற இலைப்புல்லை மலாய்க்காரர் 'ரும்புட் பாரிட்' என்பர். வாய்க்கால் புல் என்பது பொருள். அது ஈரம் விரும்புவதைப் பெயரே உரைக்கின்றதன்றோ!

ஆதலின் பட்ட கரணையைப் பெயர்த்ததும், தோட்டமண்ணும் மக்கிய மாட்டெருவும் இட்டு மணலை ஒரு சாண் ஆழம் கொத்துக. புதுக்கரணைகளை நெருக்கிப் பதித்துத் திமிசால் அழுத்தி, வேரூன்ற இரு வாரம் நாள்தோறும் நீர்விடுக. ஒட்ட வெட்டலாகாது, 2 அங்குலம் நிற்கட்டும். வெயில் முற்றத்துக்கு நம் அறுகே போதும். நிழலில் அது நலியும்.